ஒரு வளவு, மூன்று வீடு, ஒரு ஃபைபர்: என்ன கேபிள், என்ன பெட்டி வாங்குவது?

எங்கள் பக்கம் வீடு பெண் பிள்ளைக்குத்தான். அதனால் மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் எங்கள் வளவுக்குள் மூன்று வீடு நிற்கிறது. ரோட்டுப் பக்கம் அம்மாவின் பழைய ஓட்டு வீடு, வேலியோரம் என்னுடையது, கிணற்றடியைத் தாண்டிப் பின்னுக்கு அக்காவுடையது. ஃபைபர் இணைப்பு ஒன்றுதான். அது அம்மாவின் விறாந்தைச் சுவரில் வந்து நிற்கிறது. போன், மடிக்கணினி, டிவி, கேமரா என்று மூன்று வீட்டிலும் எண்ணிப் பார்த்தால் 18 சாமான் அந்த ஒரு பெட்டியை நம்பி இருக்கிறது.

நான் சுவிஸில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். அங்கே பின்னேரம் 6 மணி என்றால் இங்கே இரவு 9.30, அவர்களுக்குக் குளிர்காலம் என்றால் 10.30. வளவு முழுக்க ஆட்கள் போனும் கையுமாகப் படுத்திருக்கும் நேரம் அது. பின்னக் கணக்கின் நடுவில் "டீச்சர், கேட்குதா?" என்று ஒரு குரல் வரும், படம் அப்படியே நின்றுவிடும். அந்த வெட்கத்தில்தான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன்.

ஆறு வருடத்துக்கு முன் முதல் தடவை வயர் இழுத்தபோது காசை எல்லாம் ரவுட்டரில் போட்டேன். எட்டு அன்டனா வைத்தது, மல்லாக்கக் கிடக்கும் நட்டுவாக்காலி மாதிரி இருக்கும். கேபிளை மட்டும், வயர்தானே என்று மலிவாக எடுத்தேன். இப்போது அந்த ரவுட்டர் அலுமாரிக்கு மேல் தூசி பிடித்துக் கிடக்கிறது. கேபிளுக்காகச் சுவரை இரண்டாம் தடவை உடைக்க வேண்டி வந்தது. சுவருக்குள் போவது 15, 20 வருடம் அங்கேயே கிடக்கும். பெட்டிகள் நாலைந்து வருடத்தில் மாறும். கையில் காசு குறைவென்றால் பெட்டியில் குறையுங்கள், கேபிளில் குறைக்காதீர்கள்.

கடைக்குப் போகமுன் ஒரு கொப்பித் தாளில் வீட்டைக் கீறுங்கள். ஃபைபர் பெட்டி இருக்கும் இடம், டிவி, வேலை மேசை, வைஃபை எட்டாத மூலை எல்லாவற்றையும் குறியுங்கள். ஒரே இடத்தில் இருக்கும் சாமானுக்குக் கேபிள், கையில் கொண்டு திரிவதற்கு வைஃபை. டிவியையும் மேசைக் கணினியையும் கேபிளில் போட்டால் வைஃபை போன்களுக்கு மிஞ்சும், அதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நீளத்தைத் தரையோடு அளக்கக் கூடாது. கேபிள் சுவரில் ஏறி, சீலிங்குக்கு மேலால் போய், மறுபடி இறங்க வேண்டும். என் வீட்டுக்குள் மேசைக்கு நேர் தூரம் 32 அடி. ஏற்றம், இறக்கம், வளைவு, முனையில் விட்டுவைத்த மிச்சம் எல்லாம் சேர்ந்து 58 அடி போனது. செப்புக் கேபிளுக்கு மொத்த எல்லை 100 மீற்றர். வீட்டுக்குள் அதை யாரும் தொடப்போவதில்லை. முழுப் பெட்டி 305 மீற்றர் வரும், அதாவது 1000 அடி. இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து வாங்கினால்தான் அது கட்டும். இல்லையென்றால் மீற்றர் கணக்கில் வெட்டி வாங்குங்கள்.

எந்த வகை என்று கேட்டால், இன்றைக்குப் புதிதாக இழுப்பவருக்கு என் பதில் கேட் 6. கேட் 5இ 100 மீற்றருக்கு நொடிக்கு 1 கிகாபிட், அதாவது 1000 மெகாபிட் வேகம் கொண்டுபோகும், ஏற்கெனவே சுவருக்குள் இருந்தால் பிடுங்க வேண்டாம். கேட் 6 அதே தூரத்துக்கு 1 கிகாபிட், 55 மீற்றருக்குள் என்றால் 10 கிகாபிட் வரையும் தாங்கும். விலை வித்தியாசம் பெரிதாக இல்லை. கேட் 6ஏ தடித்தது, வளைக்கக் கைவலி, வீட்டுக்குத் தேவையில்லை. ஒன்லைனில் தட்டையாக, கேட் 7, கேட் 8 என்று அச்சடித்து மலிவாக வருவதைச் சுவருக்குள் விடவே வேண்டாம். வெள்ளித்தாள் சுற்றிய கேபிளும் அப்படித்தான். இரண்டு பக்கமும் அதற்கேற்ற ஜாக் போட்டு, எர்த்தும் ஒழுங்காகக் கொடுத்தால்தான் அந்தத் தாளுக்கு வேலை. தாள் சுற்றாத சாதாரண யூடிபி போதும்.

வகையை விட முக்கியமான ஒன்று இருக்கிறது. உள்ளே இருப்பது முழுச் செப்பா, அல்லது செப்பு முலாம் பூசிய அலுமினியமா?

முதல் தடவை எனக்கு அகப்பட்டது இரண்டாவது. வாங்கும்போது தெரியாது, பெட்டியிலும் கேட் 6 என்றுதான் இருந்தது. ஆனால் முன்பக்கக் கேமரா இரவில் மட்டும் நின்று நின்று வரும். பகலில் ஒரு குறையும் இல்லை. அம்மா கண்ணூறு பட்டுவிட்டது என்றார். காரணம் பிறகுதான் விளங்கியது. அந்தக் கேமராவுக்கு மின்சாரமும் அதே கேபிளில்தான் போகிறது. இருட்டினால் அதன் அகச்சிவப்பு விளக்குகள் எரியும், மின்சாரம் கூடுதலாக இழுக்கும். அலுமினிய வயரின் தடை செப்பை விட ஒன்றரை மடங்குக்கு மேல், அதனால் வழியிலேயே வோல்ட் விழுந்து கேமரா அணைந்து எழும்பும். அதோடு அலுமினியம் கெதியாக உடையும். ஜாக்கில் இறுக்கிய இடத்தில் ஒரு வருடத்தில் இரண்டு கம்பி கழன்றது.

இரண்டாம் தடவை காத்தான்குடிக்குப் போனேன். பேரீச்சை மரம் நட்ட அந்த மெயின் வீதியில் ஒரு கடை, வழக்கமாக பல்ப், வயர் வாங்கும் இடம். கடைக்காரரைக் காக்கா என்போம், அண்ணன் என்று அர்த்தம்.

"காக்கா, இதில ஒரு சாண் வெட்டித் தருவீங்களா?"

"என்னத்துக்கு டீச்சர்?"

"சுரண்டிப் பார்க்க."

சிரித்துக்கொண்டு வெட்டித் தந்தார், கூடவே ஒரு பிளேடும். "இன்னா, மற்றதையும் சேர்த்துப் பாருங்க" என்று மலிவான பெட்டியிலும் ஒரு துண்டு வெட்டி வைத்தார். மேலுறையை உரித்து, ஒவ்வொன்றிலும் நீலக் கம்பியை எடுத்து, பிளேட்டின் முனையால் ஒரு பக்கத்தை மெதுவாகச் சீவினேன். முதலாவது சீவச் சீவச் சிவப்பு. இரண்டாவது ஒரு இழுப்பில் சிவப்புப் போய் வெள்ளிக் கோடு பளிச்சென்று தெரிந்தது. அதையே விரலில் மடக்கி நிமிர்த்தினால் சில தரத்திலேயே பட்டென்று முறிந்தது; செப்பு வளைந்துகொண்டே இருந்தது. பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலும் தெரியும். அலுமினியத்தின் பாரம் செப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரே நீளமுள்ள இரண்டு பெட்டியில் ஒன்று கைக்கு லேசாக வந்தால் அதை வைத்துவிட்டு வாருங்கள். சுரண்டிப் பார்க்க விடாத கடையிலும் வாங்காதீர்கள்.

சுவருக்குள் போவது ஒற்றைக் கம்பிக் கேபிளாக இருக்க வேண்டும். சுவரிலிருந்து கணினிக்குப் போகும் சின்னத் துண்டு பல இழைக் கேபிள். அடிக்கடி வளையும் என்பதால் அது அப்படி. அந்தச் சின்னதைக் கடையில் முனை அடித்தபடியே வாங்கிவிடுங்கள். சுவர் முனையில் நேரே பிளக் அடித்துத் தொங்க விடாமல், சுவருக்குள் பதிக்கும் சன்க் பொக்ஸ் வைத்து ஜாக் போடுங்கள். கம்பி வரிசை இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பி வரிசை என்பார்கள்: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம். ஜாக்கிலேயே நிறம் ஒட்டியிருக்கும். ஏ, பி என்று இரண்டு வரிசை இருக்கும், பி-யைப் பாருங்கள். சோடி முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். கை பழகாதவர்கள் வசதிக்காக இரண்டு அங்குலம் பிரிப்பார்கள். அந்த முறுக்குத்தான் பக்கத்துக் கம்பியின் இரைச்சலை வெட்டுவது, அது போனால் கேட் 6-க்குக் கொடுத்த காசும் போச்சு. இன்னொன்று, ஒரு கேபிள் போகும் இடத்துக்கு இரண்டு இழுங்கள். கூலி ஒன்றுதான்.

வயர்மன் தம்பி களுவாஞ்சிக்குடிக்காரர், நல்ல வேலைகாரன். ஆனால் "அக்கா, கரண்ட் வயர் போற குழாய்க்குள்ளேயே இதையும் விட்டா வேலை லேசு" என்றார். விடக்கூடாது. 230 வோல்ட் வயரில் எங்காவது தோல் உரிந்தால் அது மடிக்கணினி வரைக்கும் வரும், இரைச்சலும் ஏறும். தனிக் குழாய், கரண்ட் குழாய்க்கு ஒரு அடி தள்ளி. குறுக்கே வெட்டித்தான் போக வேண்டுமென்றால் செங்குத்தாக வெட்டிப் போகட்டும். அம்மாவின் ஓட்டு வீட்டில் சுவரை உடைக்க மனம் வரவில்லை, சுவருக்கு மேலால் பிளாஸ்டிக் கேசிங் அடித்தோம். சீலிங்குக்கு மேலே மட்டும் முழுக்கக் குழாய், ஏனென்றால் அங்கே எலிகளின் ராச்சியம். குழாய்க்குள் ஒரு நைலோன் நூலையும் விட்டு வையுங்கள், நாளைக்கு இன்னொன்று இழுக்க உதவும்.

இனி வீட்டுக்கு வீடு.

முதல் தடவை அக்கா வீட்டுக்கு மாமரத்தில் கட்டிக் கேபிளைத் தொங்கவிட்டோம், அதுவும் வீட்டுக்குள் பாவிக்கும் சாம்பல் நிறக் கேபிள். வெயிலில் மேலுறை வெடித்து, மழைத் தண்ணீர் அந்த வெடிப்பால் இறங்கி அக்காவின் சுவிட்சுக்குள் (ஒரு கேபிளைப் பல போர்ட்டாகப் பிரிக்கும் நெட்வொர்க் பெட்டி) சொட்டியது. அதைக்கூடச் சமாளித்தோம், சமாளிக்க முடியாதது இடி. எங்கள் பக்கம் சித்திரையிலும், பிறகு ஐப்பசி கார்த்திகை மாரி தொடங்கும்போதும் பின்னேரங்களில் இடி முழங்கும். ஒரு ஐப்பசி மாலை, எங்கள் வளவில் கூட இல்லை, இரண்டு வளவு தள்ளித் தென்னையில் விழுந்தது. எங்களுக்குப் போனது ஃபைபர் பெட்டியின் ஒரு போர்ட், அக்காவின் சுவிட்ச், டிவியின் நெட்வொர்க் போர்ட். டிரிப் சுவிட்ச் விழுந்ததோடு சரி, காப்பாற்றவில்லை. காரணம், இரண்டு வீட்டுக்கும் இரண்டு எர்த். மின்னல் பக்கத்தில் விழும்போது அந்த இரண்டு நிலத்துக்கும் நடுவில் வோல்ட் வித்தியாசம் எழும்பும். செப்புக் கேபிள் இரண்டையும் இணைக்கும் பாலமாக நிற்கிறது, பாலத்தின் இரண்டு முனையிலும் உள்ள பெட்டி சாகும்.

அதனால் கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. விலையைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். முனை அடித்து வரும் ஃபைபர் துண்டும், செப்புக் கேபிளின் சிக்னலை ஒளியாகவும் ஒளியைத் திரும்பச் சிக்னலாகவும் மாற்றும் மீடியா கன்வேட்டர் இரண்டும் சேர்த்து, இடிக்குப் பலி கொடுத்த பெட்டிகளை விடக் குறைவாகத்தான் எனக்கு முடிந்தது. வாங்கும்போது மூன்று விஷயம் கவனித்துக் கேட்க வேண்டும். ஒற்றை இழையில் ஓடும் கன்வேட்டர் என்றால் ஒன்று ஏ, மற்றது பி என்று சோடியாக வரும். ஒன்று 1310 நனோமீற்றர் ஒளியில் அனுப்பும், மற்றது 1550-இல். இரண்டு ஏ வாங்கினால் இரண்டும் ஒரே பாஷையில் கத்தும், கேட்க ஆளிருக்காது. அடுத்தது முனையின் நிறம். கன்வேட்டருக்கு நீல முனை. வீட்டுக்கு வரும் இணைப்பில் பச்சை முனை இருக்கும், அது சரிவாகத் தேய்த்தது. பச்சையை நீலத்துக்குள் செருகினால் உள்ளே போகும், வெளிச்சம் ஒழுங்காகப் போகாது. மூன்றாவது, சில ஃபைபர் கேபிளில் தாங்குவதற்காக ஒரு உருக்குக் கம்பி கூட வரும். அதை வீட்டுக்கு வெளியிலேயே வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் இடிக்குப் பழையபடி பாதை போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

மணல் நிலம் என்பதால் கிடங்கு வெட்டுவது லேசு. கிணற்றடியைச் சுற்றி ஒன்றரை அடி ஆழத்தில் தண்ணீர்க் குழாய் புதைத்து அதற்குள் விட்டோம். மாரியில் அந்தக் குழாய் நிறையத் தண்ணீர் நிற்கும், வெளியில் பாவிக்கும் ஃபைபருக்கு அதனால் ஒன்றுமில்லை. ஒன்று மட்டும், அதைக் கூர்மையாக மடக்காதீர்கள், மூலையில் பெரிய வளையமாகத் திருப்புங்கள். முனையைக் கண்ணுக்கு நேரே வைத்தும் பார்க்காதீர்கள், ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பழுதாக்கலாம்.

சுவிட்சைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மேனேஜ் செய்யத் தேவையில்லாத சாதாரணமானது, 8 போர்ட், கிகாபிட். பெட்டியில் 10/100/1000 என்று இருக்க வேண்டும். 10/100 என்று மட்டும் இருந்தால் வையுங்கள் கீழே. உலோக உடம்புள்ளதை நான் எடுப்பேன், சூடு தாங்கும். சின்னச் சிவப்பு எறும்புக்கு இந்தப் பெட்டிகளின் இளஞ்சூடு என்றால் உயிர். மாரியில் குடியேறிவிடும். நிலத்தில் வைக்காமல் சுவரில் மாட்டுங்கள்.

ரவுட்டர் பெட்டியில் பெரிய எழுத்தில் ஏசி1200, ஏஎக்ஸ்3000 என்று எழுதியிருக்கும். அது எல்லா அலைவரிசையையும் கூட்டிப் போட்ட கணக்கு. ஏசி1200 என்றால் 300-உம் 867-உம் சேர்ந்தது, ஏஎக்ஸ்3000 என்றால் 574-உம் 2402-உம். ஒரு போனுக்கு ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசைதான் கிடைக்கும், அதுவும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால். என் பிள்ளைகளுக்கு இதையே ஒரு கூட்டல் கணக்காகக் கொடுக்கலாம் என்று தோன்றியதுண்டு. இதில் இன்னொரு பொறி: ஏசி1200 என்று போட்டுவிட்டு, பின்னால் உள்ள போர்ட்கள் 100 மெகாபிட்டாக இருக்கும் மாதிரிகள் நிறைய. திருப்பிப் பின்பக்கத்தையும் பெட்டியின் ஓரத்துச் சின்ன எழுத்தையும் வாசியுங்கள். இன்றைக்கு வாங்கினால் வைஃபை 6, இரண்டு அலைவரிசை, கிகாபிட் போர்ட். அன்டனா எண்ணிக்கையைப் பார்க்கவே வேண்டாம்.

சிக்னல் எட்டாத மூலைக்கு ரிப்பீட்டர் வாங்கிச் சுவரில் குத்துவதுதான் எல்லாருக்கும் முதலில் வரும் யோசனை. சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலையில் கேட்டு அதே அலையில் திருப்பிச் சொல்ல வேண்டியிருப்பதால் வேகம் பாதியாகும். கேபிள் போய்விட்ட இடத்தில் அதற்குத் தேவையே இல்லை. பழைய ரவுட்டர் ஒன்றைத் தூசி தட்டி எடுங்கள். அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். முதல் பெட்டி 192.168.1.1 என்றால் இது பொருந்தும். டிஎச்சிபியை அணையுங்கள்; சாமான்களுக்கு முகவரி கொடுக்கும் வேலை அது, முதல் பெட்டி மட்டும் செய்தால் போதும். கேபிளை வான் (WAN, இணையம் உள்ளே வரும்) போர்ட்டில் குத்தாமல் லான் (LAN, வீட்டுச் சாமான்களுக்கான) போர்ட்டில் குத்துங்கள். அதே வைஃபை பெயர், அதே கடவுச்சொல். 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் அம்மா வீட்டுக்கு சேனல் 1, எனக்கு 6, அக்காவுக்கு 11 என்று பிரித்தோம். ஒன்றையொன்று தொடாத மூன்று அவைதான். எங்கே வைப்பது என்றால், உயரத்தில், வீட்டின் நடுவில். அம்மா வீட்டில் அது இரும்பு அலுமாரிக்குப் பின்னால் இருந்தது. அலுமாரியை மூன்றடி நகர்த்தியதிலேயே குசினி வரைக்கும் சிக்னல் வந்தது. அதற்கு முன் நான், பல இடத்தில் வைத்து வைஃபையைப் பரப்பும் மெஷ் பெட்டி விலை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

கரண்ட் போனால் ஃபைபர் பெட்டியும் அணையும். 2022-இல் மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டிய நாட்களில் சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் ஒன்று வாங்கினேன், அது இன்றும் வேலை செய்கிறது. வாங்கமுன் உங்கள் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் அம்பியரையும் குறித்துக்கொண்டு போங்கள். ரவுட்டர் பெரும்பாலும் 12 வோல்ட். சின்னச் சுவிட்சும் மீடியா கன்வேட்டரும் பல 5 வோல்ட். பிளக் ஒரே மாதிரி இருப்பதால் உள்ளே போய்விடும். அக்காவின் மகன் அப்படி 12 வோல்ட்டைக் கன்வேட்டரில் குத்தி, "சித்தி, மணக்குது" என்று ஓடி வந்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு அடாப்டரிலும் பேர் ஒட்டி வைத்திருக்கிறேன். இடி தொடங்கினால் கரண்ட் பிளக்கைக் கழற்றுங்கள். வெளியில் போகும் கேமராக் கேபிள் செப்பு என்றால் அதையும் சேர்த்து.

வேலை முடிந்ததும் வயர்மனுக்குக் காசு கொடுக்கமுன் சோதியுங்கள். எட்டு லைட் வைத்த சின்ன டெஸ்டர் மலிவு. ஒன்றிலிருந்து எட்டு வரை இரண்டு பக்கமும் ஒரே வரிசையில் எரிய வேண்டும். ஆனால் அது கம்பி தொடுகிறதா என்றுதான் சொல்லும், வேகத்தைச் சொல்லாது. மடிக்கணினியைக் குத்தி நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். 1000 என்று காட்டினால் சரி. 100 என்று காட்டினால் எங்கோ ஒரு கம்பி தொடவில்லை. 100 மெகாபிட்டுக்கு இரண்டு சோடி போதும், கிகாபிட்டுக்கு நாலும் வேண்டும். அதனால் நீலம், கபிலச் சோடியில் ஒரு கம்பி போனாலும் இணையம் வரும், ஆனால் நொண்டும். எங்களுக்கு அக்கா வீட்டு ஜாக்கில் நீலக் கம்பி இறங்காமல் நின்றது. தம்பி திரும்ப இறுக்கினார், மறுகா 1000 வந்தது.

பூசமுன் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்தேன், அளவுநாடாவையும் பக்கத்தில் பிடித்து. போன தைக்கு அம்மா என் வீட்டில் புதுக் கலண்டர் மாட்ட ஆணியும் சுத்தியலுமாக நின்றார். படத்தைத் திறந்து பார்த்தால் ஆணி வைத்த இடத்துக்கு நேர் பின்னால் குழாய். நாலு அங்குலம் இடப்பக்கம் தள்ளி அடித்தார். கலண்டர் கொஞ்சம் நடுவை விட்டு விலகித்தான் தொங்குகிறது.